முதலில் அந்தத் தட்டை உறையில் போடுங்கள்

அன்புள்ள ஐயா,

கல்யாணம், திருவிழா, கல்லூரி விழா என்று டிஜே செய்கிறேன். ஒன்றரை வருடமாக ஸ்கிராட்ச், அதாவது ஓடும் தட்டை முன்னும் பின்னும் தேய்த்துச் சத்தம் எழுப்புவது, பழகுகிறேன். வீடியோக்களைப் பார்த்து பேபி, சர்ப், டிரான்ஸ்ஃபார்ம் என்ற உத்திகள் எல்லாம் வந்துவிட்டன, ஃப்ளேர் பாதி வருகிறது. ஆனால் கேட்பவர்கள், "அந்த வீடியோ மாதிரியே இருக்கு" என்கிறார்கள். எனக்கென்று ஒரு சத்தம் வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கிராமபோன் தட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். அதை வைத்து ஸ்கிராட்ச் செய்யலாமா? கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரை விட்டுவிட்டு, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் வாங்க வேண்டுமா?

க., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் தட்டை உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பிறகு பேசுவோம்.

அது அரக்குத் தட்டு. கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். நிமிடத்துக்கு 78 சுற்று, எஃகு ஊசி என்று கணக்குப் போட்டுச் செய்தது. அதன் தடம் அகலம். பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசி அதன் அடியில் போய் உரசும். அரக்கோடு கல்தூளும் கலந்திருப்பதால் ஊசியும் தேயும். முன்னும் பின்னும் தேய்த்தால் இரண்டுமே போகும். ஒரு பாடகரின் மூன்று நிமிடக் குரல் அது. அதை அழித்தா உங்கள் சத்தத்தைத் தேடுவீர்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசை விடவில்லை என்றால், அதற்கேற்ற ஊசி வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றி, அந்தப் பிரதியை எப்படி வேண்டுமானாலும் தேயுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் இந்தத் தட்டுகள் ஏராளமாக இருந்தன. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன்கூட, படமெடுக்கப் போகுமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம்தான் செய்தார். எங்கள் வீட்டு முகப்பிலும் ஒரு கிராமபோன் உண்டு. அப்பச்சி சாவி கொடுப்பார். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் தேய்ந்த ஊசியைக் கழற்றிவிட்டு, சின்னத் தகர டப்பாவிலிருந்து புது ஊசி எடுத்து மாட்டுவார். அவர் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், ஓடுகிற தட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன். பாடிக்கொண்டிருந்தவரின் குரல் கனத்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்கியது. விரலை எடுத்தேன், மேலே ஏறி வந்தது. மறுபடி வைத்தேன். இரண்டாங்கட்டிலிருந்து அப்பத்தா கத்தினார்: "எவன்டா அது, பாடுற மனுசன் கழுத்தப் புடிக்கிறது?" எனக்கு எட்டு வயது. அன்று அடி விழுந்தது. அந்தக் குரல் இறங்கி ஏறியது இன்னும் காதில் இருக்கிறது.

1970களின் நடுவில், நியூயார்க்கின் பிராங்க்ஸில், தியோடர் என்ற பையன் அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தான். அம்மா வந்து கதவருகே நின்று திட்ட, அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்திருந்தான். கை அசைந்தபோது ஹெட்போனில் ஒரு சத்தம். பின்னாளில் கிராண்ட் விசார்ட் தியோடர் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். மாதக்கணக்கில் பழகிவிட்டுத்தான் அதை வெளியே வாசித்தார். ஃப்ளேர், கிராப் என்ற பெயரெல்லாம் பிறகு வந்தவை. அவருக்கு முதலில் காதில் விழுந்தது, பிறகுதான் கை பழகியது. நீங்கள் கையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

தவில் கற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ததிங்கிணதோம், ததிங்கிணதோம் என்று முதலில் வாயால் சொல்வார்கள். சொல் வாயில் தெளிந்தால்தான் குச்சி கையில் நிற்கும். நீங்கள் வாசிப்பதை என்றாவது வாயால் சொல்லிப் பார்த்தீர்களா? தாளத்தில் நாலு எண்ணிக்கொண்டு சொல்லுங்கள்: ஜிகு ஜிகா, ஜிக், ஜிகு... வெட்கப்படாதீர்கள். எங்கே இழுக்கிறீர்கள், எங்கே மூச்சு விடுகிறீர்கள், எந்த இடத்தில் சும்மா இருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். எந்த வீடியோவும் அதைச் சொல்லித் தராது. ஒரு மாதம், சத்தத்தைத் திறந்து மூடும் ஃபேடரைத் தொடாமல், வாய் சொன்னதை வெறும் கையசைவான பேபியில் மட்டும் வாசியுங்கள். அப்புறம் வாய் மூடிய இடங்களில் மட்டும் ஃபேடரை மூடுங்கள். சர்ப்பும் டிரான்ஸ்ஃபார்மும் அந்த இடங்களில் தாமாகவே வந்து உட்காரும். ஃப்ளேர் பாதி வருவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கன்ட்ரோலரா டர்ன்டேபிளா? கையில் இருப்பதே போதும். டிஜேக்கள் கொண்டாடும், 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள்கூட ஸ்கிராட்சுக்காகச் செய்ததில்லை.

இன்னொன்று. ஸ்கிராட்ச் செய்கிற எல்லோரும் தேய்க்கும் அந்த "ஆ", "ஃப்ரெஷ்" என்ற குரல்கள் இரண்டும், 1982இல் வந்த ஃபேப் ஃபைவ் ஃப்ரெடியின் 'சேஞ்ச் த பீட்' தட்டின் கடைசியில் வருபவை. நல்ல சத்தங்கள்தான், ஒன்று நீளம், ஒன்று வெட்டு. உங்கள் வீட்டில் யாராவது உங்களைக் கத்திக் கூப்பிடும்போது போனில் பதிவு செய்து பாருங்கள், அதிலும் இரண்டும் இருக்கும்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். கையால் வாசித்தது வேண்டாம், வாயால் சொன்னதைப் பதிவு செய்து அனுப்புங்கள்.