ரோபோ வண்டி வருவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள்

கேள்வி: ஐயா, திருகோணமலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். துணி ரோல்களைத் தையல் பகுதிக்குக் கொண்டுபோக, தானாக ஓடும் இரண்டு ரோபோ வண்டிகள் வரப்போகின்றன. "சென்சர் இருக்கு, ஆளைக் கண்டால் நிற்கும், நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்?
- வாசகி, கிண்ணியா

பதில்: உங்கள் பயம் நியாயமானது, தங்கச்சி. ஆளைக் கண்டால் நிற்கும், சரி. ஆனால் அதன் கண் எங்கே இருக்கிறது? இப்படியான வண்டிகள் பலவற்றில் பாதுகாப்பு லேசர் ஸ்கேனர் தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரே மட்டத்தில்தான் பார்க்கும். அந்த மட்டத்தில் கால் வந்தால் நிற்கும். ராக்கையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணி ரோல், வெட்டு மேசையின் விளிம்பு, உயர்த்திவிட்ட போர்க்லிப்ட் கவை எதுவும் அதற்குத் தெரியாது. கீழே இடம் வெறுமையாக இருக்கிறதே! மேலே கமெராவும் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அது பாதுகாப்புக்குச் சான்று பெற்றதா, வழி பார்க்க மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பிறகு அளவுநாடாவோடு வண்டியின் வழி முழுக்க நடந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 3691-4 என்ற சர்வதேசத் தரப்படி வண்டியின் இரு பக்கமும் 50 சென்ரிமீற்றர் இடைவெளி, 2.1 மீற்றர் உயரம் வரை இருக்க வேண்டும். வெறும் வண்டியை அளக்காதீர்கள், சுமையோடு அளந்து பாருங்கள். இடம் போதாத இடுக்குகளில் வேகத்தை செக்கனுக்கு 0.3 மீற்றருக்குள் குறைத்து, தரையில் தெளிவாக அடையாளம் போட வேண்டும்.

நம் ஊரில் எனக்குப் பெரிய கவலை ஈரம்தான். ஐப்பசியிலிருந்து தை வரை மழை. சீனன்குடாப் பக்கக் களஞ்சியங்களில் பார்த்திருக்கிறேன், லொறி வாசலைத் தாண்டி உள்ளே வெகுதூரம் டயர் ஈரம் கோடாக வந்துவிடும். காய்ந்த தரையில் நிற்கும் தூரத்துக்கு ஸ்கேனரைச் செட் பண்ணினால், ஈரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போகும். கால்மிதி விரித்துச் சமாளிக்க வேண்டாம், அதன் ஓரம் சில்லில் சுருளும். வாசலுக்கு வெளியே கூரையை நீட்டுங்கள். வண்டியின் வழியை ஈரம் வராத இடத்தோடு நிறுத்துங்கள். முழுச் சுமையேற்றி, உங்கள் தரையிலேயே பிரேக் சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்கு யாரையும் முன்னால் நிறுத்த விடாதீர்கள். தரத்தில் சொல்லியிருக்கும் 7 சென்ரிமீற்றர் விட்டம், 40 சென்ரிமீற்றர் உயரமுள்ள உருளை அந்த வேலைக்குத்தான்.

கண்ணாடிக் கதவு இருந்தால் லேசர் அதைக் காணாமல் விடலாம், ஸ்கேனர் உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது. கரண்ட் போய் வை-ஃபை அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கலாம். அந்த இடம் தீ வெளியேறும் கதவடியாக இருக்கக் கூடாது. அந்தக் கதவுகளுக்கு முன்னால் அது நிற்கவே முடியாதபடி வண்டியின் வழி வரைபடத்தில் தடைப் பகுதி போடச் சொல்லுங்கள். ஸ்டோர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில், லொறியோடு வரும் உதவியாட்களுக்கும் அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டுங்கள். அப்புறம் யாராவது ஒரு ராக்கையை ஓர் அடி நகர்த்தினாலும், அன்றே மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.