லேவியராகமத்தில் நின்றுவிட்டேன், இனி எங்கிருந்து படிப்பது?

கேள்வி: வேதாகமத்தை முதன்முறையாக வாசிக்கிறேன். ஆதியாகமம் வேகமாகப் போனது. யாத்திராகமத்தின் பாதியில் தடுமாறி, லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். எந்த வரிசையில் படித்தால் புரியும்?

பதில்: பலரும் நிற்கிற இடம்தான் அது. யாத்திராகமம் 24ஆம் அதிகாரம் வரை பெரும்பாலும் கதையாக ஓடும். 25இல் ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரம்) அளவுகள் ஆரம்பம். லேவியராகமத்தின் முதல் 7 அதிகாரங்கள் முழுக்கப் பலிமுறைகள். ஒரே அட்டைக்குள் இருந்தாலும் இவை 66 தனித்தனி நூல்கள் (கத்தோலிக்கப் பதிப்பில் 73). முதல் பக்கத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். இரண்டு நாளில் முடித்துவிடலாம். அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டில். எழுதியவர்கள் போட்டவை அல்ல. அதனால் எண்ணைப் பார்த்து நிறுத்தாமல், சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

மறுவாசிப்பில் மாற்கு 5:21-43 (5ஆம் அதிகாரம், 21 முதல் 43 வரை வசனங்கள்) பகுதியில் நிதானியுங்கள். யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அங்கே போகும் வழியில், 12 வருடமாக உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் ஒருத்தி கூட்டத்தில் பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். முன்னால் வந்து கேட்காமல் ஏன் இப்படி? நீங்கள் மூடிவைத்த லேவியராகமம் 15:25-27ஐப் பாருங்கள். அந்த நிலையில் உள்ளவள் தீட்டு; அவள் படுக்கையைத் தொட்டவனும் தீட்டு. நெருக்கியடிக்கும் கூட்டத்துக்குள் அவள் எத்தனை பேரை உரசிக்கொண்டு வந்திருப்பாள்! எல்லார் முன்னிலும் இயேசு அவளை “மகளே” என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிது என்பது அந்தச் சட்டத்தைப் படித்தபின் நன்றாக உறைக்கும். லேவியராகமத்துக்கு இப்படித்தான் திரும்ப வேண்டும், சுவிசேஷத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக. ஒத்துவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட பதிப்பு இருந்தால் வழி அதிலேயே கிடைக்கும்.

அடுத்து லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு ஒருவரே எழுதியவை. அப்போஸ்தலர் 16இல் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை வரும்; அதை முடித்த கையோடு பிலிப்பியர் நிருபத்தின் 4 அதிகாரங்களையும் வாசித்துவிடுங்கள். கடிதம் யாருக்குப் போனது என்பது தெரிந்திருக்கும். பிறகு ஆதியாகமமும் யாத்திராகமம் 24 வரையும். இடையில் சங்கீதப் புத்தகத்திலிருந்து தினம் ஒரு சங்கீதம்.

ஒற்றை வசனத்தைப் பிடுங்கி எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். எரேமியா 29:11 உடனடி ஆறுதலாகவே பரவியிருக்கிறது: தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. அதைக் கேட்ட முதியவர்கள் ஊர் திரும்பியிருக்க வழியில்லை.