ஃபோர்டு 8-என் டிராக்டருக்கு எந்தப் புல்வெட்டும் கருவியை வாங்குவது?

மூன்று ஏக்கர் நிலம், அதில் வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புல்தரை, மற்ற இடமெல்லாம் இடுப்பளவு வளர்ந்த களை, கையில் ஒரு பழைய ஃபோர்டு 8-என் டிராக்டர். ரோட்டரி கட்டர் (கனத்த பிளேடுகள் சுழன்று களையை வெட்டுவது), ஃபினிஷ் மோவர் (புல்தரையைச் சீராக வெட்டுவது), சிக்கிள் பார் (நீளமான சட்டத்தில் கத்திப் பற்கள் பக்கவாட்டில் ஓடி வெட்டுவது) ஆகிய மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சிகனில் இதே டிராக்டரை வைத்துப் புல் வெட்டிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்தடி அகல ரோட்டரி கட்டரை வாங்குங்கள். ஆனால் அதற்கும் முன்பாக, பி.டி.ஓ. தண்டில், அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டில், மாட்டுகிற ஓவர்-ரன்னிங் கிளட்ச் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1947 முதல் 1952 வரை தயாரான இந்த டிராக்டரில் சக்கரங்களுக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச்தான். கட்டரின் கனத்த பிளேடுகள் முழு வேகத்தில் சுழலும்போது நீங்கள் கிளட்சை மிதித்தால் இன்ஜின் மட்டுமே விலகும். பிளேடுகளின் வேகமோ தண்டு வழியாகக் கியர் பெட்டிக்குள் திரும்பி வந்து பின்சக்கரங்களை உருட்டிக்கொண்டிருக்கும். கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் டிராக்டர் வேலியை நோக்கி நகர்ந்துகொண்டே போவதை ஒருமுறை பார்த்தவர் யாரும் இந்தச் செலவைத் தள்ளிப்போட மாட்டார். பெடலை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடிக்கொண்டிருக்க ஃப்ரீவீல் எப்படி இடம் கொடுக்கிறதோ, அப்படியே இந்தக் கிளட்சும் பிளேடுகளைத் தம் போக்கில் சுழலவிட்டு, அவற்றின் விசை டிராக்டருக்குத் திரும்பாமல் தடுக்கிறது. 8-என்னின் பி.டி.ஓ. தண்டு 1⅛ அங்குலம், இன்றைய கருவிகளுடையது 1⅜ அங்குலம். இந்த அளவு மாற்றத்தையும் சேர்த்தே செய்யும் கிளட்ச் கிடைக்கிறது. அதைப் பொருத்தினால் இணைப்புத் தண்டுக்கான இடம் சில அங்குலம் குறையும் என்பதால், கட்டரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்து, தண்டு முட்டினால் அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த டிராக்டரின் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. வழியாகத்தான் ஓடுகிறது, எனவே கருவியைத் தூக்க வேண்டுமானால் பி.டி.ஓ. ஓடியே ஆக வேண்டும், அதாவது பிளேடு சுழன்றபடியே தூக்க வேண்டும். பிள்ளைகளோ நாயோ அருகில் இருக்கும்போது வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ரோட்டரி கட்டரை நான் முதலில் வைப்பது உங்கள் களைக்காகவே. அதன் பிளேடுகள் கீல் போட்டது போல மடங்கக்கூடியவை. கல்லிலோ அடிக்கட்டையிலோ பட்டால் பின்வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட இந்த இன்ஜினுக்கு ஐந்தடி சரியான அளவு. ஆறடியை அடர்ந்த களையில் இழுக்கத் திணறும். கருவிக்குத் தேவையானபடி பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுழல வேண்டுமானால் இன்ஜின் ஏறத்தாழ 1,500 சுற்றில் ஓட வேண்டும். அப்போது முதல் கியரிலேயே மணிக்கு நான்கரை கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இதற்கும் கீழே கியர் இல்லை. ஆகவே மிக உயர்ந்த புல்லில் முழு அகலத்துக்கு வெட்டாமல் பாதி அகலமாக வெட்டிச் செல்வதுதான் வழி.

வீட்டைச் சுற்றியுள்ள அரை ஏக்கருக்கு ஃபினிஷ் மோவர்தான் அழகாக வெட்டும் என்பது உண்மை. ஆனால் அது வாரந்தோறும் வெட்டப்படும் சமமான தரைக்கானது. உங்கள் களைக்குள் கொண்டுபோனால் பெல்ட்டும் பிளேடும் தாங்காது. அடுத்த ஆண்டு வாங்கலாம்.

சிக்கிள் பாருக்குக் குறைந்த சக்தி போதும். சரிவான கரைகளிலும் அருமையாக வேலை செய்யும். எனினும் அது புல்லை அரைக்காமல் நீளமாகவே சாய்த்துப்போடும். மாட்டுத் தீவனத்துக்கு உலர்புல்லாக வெட்டுபவருக்கு அது வரம். உங்களுக்கோ, கிடக்கும் புல்லை வாரும் வேலை கூடுதலாகும். கத்திப் பற்களைத் தீட்டுவதும், தேய்ந்ததைக் கழற்றி ரிவெட் அடிப்பதும் ஓயாத பராமரிப்பு.

யாராவது ஃபார்மால் கப் என்ற வேறொரு பழைய சிறு டிராக்டரின் கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள், அதன் பி.டி.ஓ. எதிர்த் திசையிலும் 540-ஐவிட மிகுந்த வேகத்திலும் சுழல்வது.

பழைய கட்டரைப் பார்க்கப் போகும்போது பிளேடு தாங்கியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டு மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கியர் பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். ஷியர் போல்ட் (பிளேடு எதிலாவது மோதும்போது தான் உடைந்து கியர் பெட்டியைக் காப்பது) இருக்க வேண்டிய இடத்தில் கடினமான போல்ட்டை யாராவது மாட்டியிருந்தால், கியர் பெட்டி அடி வாங்கியிருக்கக்கூடும் என்று கருதி விலையைப் பேசுங்கள். ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக, அதிகச் சுமை வந்தால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ளதாக இருந்து அது துருப்பிடித்து இறுகியிருந்தால் அதற்காகக் கட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, தகடுகளைப் பிரித்துத் துடைத்து, பழைய அளவுக்கே மீண்டும் இறுக்கினால் போதும்.