லேப்டாப்பைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது யார்?

கேள்வி: என்னுடையது இரண்டு வருடமான விண்டோஸ் 11 லேப்டாப். 10 நிமிடம் தொடாமல் இருந்தால் ஸ்லீப்புக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். முன்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத் திரை மட்டும் அணைகிறது. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, அடிப்பாகம் சுடுகிறது. மூடியைக் கையால் மூடினால் உடனே தூங்கிவிடுகிறது. மகள் தினமும் மாலையில் இதில்தான் ஆன்லைன் வகுப்பு படிக்கிறாள். செட்டிங்ஸில் தெரிந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

மூடியை மூடினால் தூங்குகிறது என்பதால், தூங்கும் திறன் கெடவில்லை. போர்டு, பேட்டரி எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. தானாகத் தூங்கப் போகும்போது மட்டும் எதுவோ தடுக்கிறது. அடுத்து, 10 நிமிடத்தில் திரை அணைகிறது. மவுஸ் தானாக அசைவதாலோ, செருகி மறந்த கேம் கன்ட்ரோலராலோ வந்த கோளாறாக இருந்தால் பெரும்பாலும் திரையே அணைந்திருக்காது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஆக, திரையைப் பற்றிக் கவலைப்படாமல் கணினி மட்டும் விழித்திருக்க வேண்டும் என்று கேட்கிற ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது.

விண்டோஸில் எந்தச் செயலியும் "நான் வேலையில் இருக்கிறேன், தூங்கிவிடாதே" என்று ஒரு கோரிக்கை வைக்கலாம். பெரிய ஃபைல் இறங்கும்போதும் பாட்டு ஓடும்போதும் கணினி பாதியில் தூங்காமல் இருப்பது இதனால்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் கோரிக்கை வைத்தவர் வேலை முடிந்தும் அதைத் திரும்பப் பெறவில்லை என்றால், படியில் ஒரு பயணி காலை வைத்தபடி நிற்க, கிளம்ப முடியாத டவுன் பஸ் போல லேப்டாப் உறுமிக்கொண்டே நிற்கும். அந்தப் பயணி யார் என்று விண்டோஸுக்குத் தெரியும். கேட்டால் சொல்லும். செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட இதைக் கேட்பதுதான் முதல் வேலை.

சார்ஜர் செருகியிருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது ஒன்று என ஸ்லீப் நேரம் தனித்தனியாக இருக்கும். இரண்டிலும் 10 நிமிடம்தானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, வலது கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மூலம் திறங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். அதில் ஆங்கிலத்தில், பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டித் தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு, அதை ஒட்டி ரிக்வெஸ்ட்ஸ் என்ற பன்மைச் சொல். என்டர்.

இதை மகளின் வகுப்பு முடிந்த பிறகு, எதையும் மூடாமல், இருக்கிறபடியே செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுச் சோதிப்பவர்கள் தடுப்பவரையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு "ஒன்றுமே காட்டவில்லை" என்கிறார்கள்.

டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோட், எக்ஸிகியூஷன் என்று தலைப்புகள் வரும். தடை இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் 'நன்', அதாவது ஒன்றுமில்லை, என்று இருக்கும். உங்களுக்கு சிஸ்டம், எக்ஸிகியூஷன் இரண்டும்தான் முக்கியம். அங்கே குரோமின் பெயரும், கீழே வெப்ஆர்டிசி, பியர் கனெக்‌ஷன்ஸ் என்ற சொற்களும் இருந்தால், வகுப்பு நடந்த டேப் இணைப்பைத் துண்டிக்காமல் திறந்தே கிடக்கிறது என்று பொருள். ஆசிரியர் போய்விட்டாலும் அந்தப் பக்கம் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

ஆடியோ டிரைவரின், அதாவது ஸ்பீக்கரையும் மைக்கையும் இயக்கும் மென்பொருளின், பெயரோடு, ஆடியோ ஸ்ட்ரீம் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், ஏதோ ஒரு செயலி ஸ்பீக்கரையோ மைக்கையோ பிடித்திருக்கிறது. சத்தம் கேட்க வேண்டும் என்பதில்லை. மௌனமாகத் திறந்திருந்தாலும் கணக்குத்தான். டிரைவரின் பெயரைக் கண்டதும் டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் திறந்து வைத்த செயலியைத்தான் தேட வேண்டும். எஸ்ஆர்வி நெட் என்ற பெயர் வந்தால், வீட்டு வைஃபையில் இன்னொரு கருவி, பெரும்பாலும் டிவியோ வேறொரு கணினியோ, உங்கள் லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை எடுக்கிறது.

மகளிடம், டேபை அப்படியே விடாமல் லீவ் பொத்தானை அழுத்தி வெளியேறச் சொல்லுங்கள். சில மீட்டிங் செயலிகள் பெருக்கல் குறியை அழுத்தினால் மூடிக்கொள்ளாது. கடிகாரத்தின் பக்கத்தில் சின்னமாக ஒதுங்கி நிற்கும். அங்கே வலது கிளிக் செய்து க்விட் கொடுக்க வேண்டும். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் அணைத்துவிடுங்கள்.

எதை மூடினாலும் அந்த வரி போகவில்லை என்றால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருக்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலையைச் சேமித்து வைத்து, மறுநாள் அதையே திரும்ப எடுக்கும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழுந்து வரும். "தினமும் அணைத்துத்தானே வைக்கிறேன்" என்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதன் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரைப் புதுப்பியுங்கள். டிரைவர்களைத் தானே தேடிப் போடுவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள்.

குறிப்பிட்ட கோரிக்கையைப் பொருட்படுத்தாதே என்று விண்டோஸுக்கே கட்டளையிடும் வழியும் உண்டு. உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆடியோ டிரைவரின் கோரிக்கையை அப்படி ஒதுக்கிவிட்டால், வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் தூங்கிவிடக்கூடும்.

அடிப்பாகம் சுடுவதாகச் சொன்னீர்கள். முழு சார்ஜில், சூட்டிலேயே மணிக்கணக்கில் இருந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். அதனால் சரியாகும் வரை, வகுப்பு முடிந்ததும் மூடியை மூடிவிடுங்கள். பையில் வைத்து எடுத்துப் போவதாக இருந்தால் ஹைபர்னேட் செய்வது நல்லது. இப்போதைய பல லேப்டாப்களில் ஸ்லீப் என்பது அரைத் தூக்கம்தான். இடையிடையே விழித்து வேலை பார்க்கும். ஹைபர்னேட்டில் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

மகள் லீவ் கொடுத்து வெளியேறியதும் அதே கட்டளையை இன்னொரு முறை தட்டுங்கள். எல்லாத் தலைப்பின் கீழும் 'நன்' வந்திருந்தால் கையை எடுத்துவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். ஃபேன் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றாலோ வேறு பெயர் வந்தாலோ, அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.