ஒரே ஒரு பேப்பர், 34 பிள்ளைகள்: வகுப்பில் செய்தித்தாளை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு ஆசிரியை நான். பள்ளிக்கு ஒரு தமிழ் நாளிதழ் வருகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை தலைப்புச் செய்திகளை வாசிக்கும், அதோடு சரி. அப்புறம் பேப்பர் தலைமையாசிரியர் அறையில் கிடக்கும். 34 பிள்ளைகளுக்கு ஒரு பேப்பரை வைத்துப் பாடம் நடத்த வழி உண்டா? பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை.

பதில்: வழி உண்டு டீச்சர். முதலில் கத்தரிக்கோலை எடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் பொருளாகவே பேப்பரை வைத்திருக்கும்வரை அது வகுப்புக்கு உதவாது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு உள்ளங்கை அளவு துண்டு ஒன்று போதும். போன வாரத்துப் பேப்பராக இருந்தாலும் பரவாயில்லை. துண்டோடு ஒரு கேள்வியும் போக வேண்டும், அதுதான் முக்கியம். கேள்வி இல்லாமல் கொடுத்தால் சினிமாப் படத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அது பிள்ளைகளின் தவறு இல்லை.

நேரத்துக்காகத் தனிப் பாடவேளை தேட வேண்டாம். புத்தகத்தில் உள்ள பயிற்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேப்பரை வையுங்கள்.

கணக்கு வகுப்புக்கு எனக்கு மிகவும் பிடித்தது மேட்டூர் அணை நிலவரம். நாளிதழ்களில் சின்னப் பெட்டியாக வரும்: நீர்மட்டம் அடியில், நீர்வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று, இருப்பு டி.எம்.சி.யில். பெரியவர்களே பெரும்பாலும் இந்த எண்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். 1 டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். இந்த இரண்டை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வரத்து 6,000 கனஅடி, திறப்பு 10,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 4,000 கனஅடி குறைகிறது. அதை 86,400-ஆல் பெருக்கினால் 34 கோடியே 56 லட்சம் கனஅடி, அதாவது சுமார் 0.35 டி.எம்.சி. ‘அப்படியானால் நாளைக்கு இருப்பு எவ்வளவு இருக்கும்?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் விடையை எழுதி வைக்கட்டும். மறுநாள் வரும் பேப்பர்தான் விடைத்தாள்! கொஞ்சம் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பகலில் திறப்பைக் கூட்டியிருப்பார்களா, வெயிலில் ஆவியாகியிருக்குமா என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். பெருக்கல், தசமம், அலகு மாற்றம் மூன்றும் ஒரே பெட்டிச் செய்தியில் முடிந்துவிடுகின்றன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., குறுவைக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்று சொன்னால் சமூக அறிவியலும் உள்ளே வந்துவிடும். டெல்டாப் பக்கம் பள்ளி என்றால், வீட்டில் தாத்தாவே மீதிப் பாடத்தை நடத்திவிடுவார்.

பெருக்கல் இன்னும் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தங்க விலை நல்லது. கிராம் விலையை 8-ஆல் பெருக்கினால் சவரன் விலை. சரியா என்று பார்க்கப் பக்கத்திலேயே விடை இருக்கிறது.

தமிழ் வகுப்பில் தலைப்பை வெட்டி எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் கொடுங்கள். ஆறு சொல்லுக்குள் தலைப்பு எழுதட்டும். அப்புறம் வெட்டிய தலைப்பைக் காட்டுங்கள். பல நேரம் பிள்ளைகள் வைத்த தலைப்பு அச்சில் வந்ததைவிட நன்றாக இருக்கும். வேக வேகமாக அச்சாகும் தாளில் ஒற்று விடுபட்ட இடங்களும் உண்டு. வல்லினம் மிகும் இடங்களை நடத்திய கையோடு சிவப்புப் பேனாவைக் கொடுத்துப் பாருங்கள், போட்டி போட்டுத் தேடுவார்கள்.

இதைவிட அவசியமான பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு செய்தியைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இதைச் சொன்னது யார்?’ என்று கேளுங்கள். நிருபர் நேரில் பார்த்ததா? அதிகாரி சொன்னதா? ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று சொன்னவர் பெயரே இல்லாமல் நிற்கிறதா? மூன்றையும் மூன்று விதமாக அடிக்கோடிடச் சொல்லுங்கள். முடிந்தால் டீக்கடையிலோ முடிதிருத்தும் கடையிலோ வேறொரு நாளிதழின் பழைய பிரதியை வாங்கி, அதே சம்பவம் அதில் எப்படி வந்திருக்கிறது என்று ஒப்பிட வையுங்கள். எண்ணிக்கை மாறியிருக்கும், முதல் பத்தியில் வரும் ஆள் மாறியிருப்பார். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பும் வீடுகளிலிருந்துதான் நம் பிள்ளைகள் பலர் வருகிறார்கள். ‘சொன்னது யார்?’ என்று கேட்கும் பழக்கத்தை 12 வயதில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. துண்டுகளை நீங்கள் முதலில் முன்னும் பின்னும் படித்துவிட்டுக் கொடுங்கள். கொலை, தற்கொலை, பாலியல் குற்றச் செய்திகளும் விபத்துப் படங்களும் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றிய செய்தியும் வேண்டாம். சம்பந்தப்பட்ட வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். வரும் திங்கள்கிழமை அணைப் பெட்டியை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள். வெள்ளிவரை தினமும் ஒரு குழு மறுநாள் இருப்பைக் கணித்து அதில் எழுதட்டும். வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கும் பிள்ளையிடம் தலைப்புச் செய்திகளோடு அந்தக் கணிப்பையும் வாசிக்கச் சொல்லுங்கள்.