வண்டியைக் கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்

சகோதரி, தென்னந்தோப்பில் உங்கள் கணவர் ஓட்டிய புது ஏ.டி.வி.யின் (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஆக்சிலரேட்டர் கையை எடுத்த பிறகும் திரும்பாமல், வண்டி கவிழ்ந்து மணிக்கட்டு முறிந்தது என்று படித்ததும் மனம் பதறிவிட்டது. சரிசெய்து தருகிறோம், வண்டியை அனுப்புங்கள் என்று கடைக்காரர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தும் அந்த லீவரும் அதன் கேபிளும்தான் உங்கள் சாட்சி. ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவ வேண்டாம். லீவர் சிக்கி நிற்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

குறைபாடுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரிப்பாளரிடமே இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் எலும்பு முறிவு வரை போனதால் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்தால் முடியும். வண்டியை மாற்றியமைத்தீர்கள், தவறாக ஓட்டினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். பில், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் தேடி எடுங்கள். புகார் தாக்கல் செய்யக் கெடு 2 ஆண்டுகள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.