60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை ஏன் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடச் சொல்கிறார்கள்?

தினமும் சாப்பிட்டால் குறைபாடு விரைவில் தீராதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் என் அம்மாவும் அப்படி எண்ணித்தான், எட்டு வாரங்களுக்குக் கொடுத்த எட்டு மாத்திரைகளையும் எட்டே நாளில் விழுங்கிவிட்டார். காலியான இரண்டு அட்டைகளைப் பார்த்து நான் பதறியபோது, "வலி வெரசாப் போயிருமுன்னு நெனச்சேன் கண்ணு" என்றார்.

வைட்டமின் சி மிகுந்தால் சிறுநீரில் வெளியேறிவிடும். வைட்டமின் டி அப்படியல்ல, கொழுப்பில் கரைவது. அதனால்தான் எண்ணெயோ தேங்காயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் அதைச் சாப்பிடுவது நல்லது. குடலில் உறிஞ்சப்பட்டபின் ஒரு பகுதி கொழுப்புத் திசுக்களில் தங்கிவிட, மற்றது கல்லீரலை அடைந்து 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிறது. இரத்தப் பரிசோதனையில் அளப்பது இதைத்தான். இதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும் என்பதால், வாரம் ஒரு மாத்திரையே தாராளம். ஆனால் இதுவும் முழுமையாக வேலை செய்யும் வடிவம் அன்று. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளில் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் தூண்டும்போது சிறுநீரகம் இதைத் தேவையான அளவுக்குக் கால்சிட்ரியாலாக மாற்றுகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் நன்கு உறிஞ்சிக்கொள்ளச் செய்வது அந்தக் கால்சிட்ரியால்தான்.

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை, ஏனெனில் மிகுதியாக உருவாவதைத் தோலில் படும் அதே ஒளி பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. (இவ்வளவு வெயில் அடிக்கும் கொங்கு நாட்டில் குறைபாடு எப்படி வருகிறது என்று பலர் வியக்கிறார்கள். அம்மா காலை எட்டு மணிக்குள் கம்பெனிக்குள் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருபவர். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் ஏறக்குறைய இருப்பதே இல்லை.) மாத்திரைக்கு அந்தத் தடுப்பு கிடையாது. 60,000 யூனிட் என்பது எடையில் வெறும் 1.5 மில்லிகிராம்தான் என்றாலும், நாள்தோறும் அதைச் சேர்த்துக்கொண்டே போனால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கிச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ஏற்கெனவே தினமும் சாப்பிட்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லிக் கால்சியம் அளவைப் பாருங்கள்.

அம்மாவுக்கு அந்த அளவு நல்லபடியாகவே இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்த பிறகே மருத்துவர் மாதம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். புதிய அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகத் தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.